கன்வர்ட்டர் மாற்றப் போகிறீர்களா? பஞ்சிகாவத்தைக்குப் போகுமுன் பார்க்க வேண்டியவை

வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் மாதம் வந்தால்தான் பலருக்கு, புகையைச் சுத்தப்படுத்தும் கெட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்று ஒன்று காரில் இருப்பதே நினைவுக்கு வருகிறது. புகைப் பரிசோதனையில் கார்பன் மொனொக்சைட் கூடிவிட்டது என்று திருப்பி அனுப்புவார்கள். அல்லது செக் என்ஜின் லைட் எரியும், ஸ்கேனரைக் கொழுவினால் பி0420 என்று, அதாவது கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற கோட்டைக் காட்டும். "கன்வர்ட்டர் போயிட்டு, மாத்தணும்" என்பார் கராஜ்காரர். அன்று பின்னேரமே கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒன்றை வாங்கிப் பூட்டிவிட்டு, மூன்று மாதத்தில் அதே லைட் திரும்ப எரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் நிறையப் பேர்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதனால் கொழும்பில் ஓடும் அக்வா, பிரியஸ், ஃபிட், வெகன் ஆர், அக்சியோ பலவும் பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டிவிட்டன. அவற்றின் கன்வர்ட்டர்களுக்கும் அதே வயது. ஆனால் வயது மட்டும் கன்வர்ட்டரைக் கெடுப்பது குறைவு. பெரும்பாலும் என்ஜினில் உள்ள வேறொரு கோளாறுதான் அதைக் கெடுக்கிறது. அந்தக் கோளாறைத் தேடிப் பிடிக்காமல் புதிதாக வாங்கிப் பூட்டினால், அதுவும் அதே வழியில்தான் போகும்.

உள்ளே இருப்பது

தகரக் கூட்டுக்குள் தேன்கூடு மாதிரி நுண்ணிய துளைகள் உள்ள ஒரு பீங்கான் கட்டி இருக்கும். சில கார்களில் பீங்கானுக்குப் பதிலாக மெல்லிய உலோகத் தகட்டைச் சுருட்டி வைத்திருப்பார்கள். துளைகளின் சுவரில் அலுமினா, சீரியம் ஒக்சைட் பூச்சும், அதற்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மிகச் சிறிய அளவிலும் இருக்கும். கார்பன் மொனொக்சைட்டையும் எரியாத பெற்றோலையும் எரித்து முடிப்பது பிளாட்டினமும் பலேடியமும். நைட்ரஜன் ஒக்சைட்டுகளைப் பிரிப்பது ரோடியம். சீரியம் ஒட்சிசனைச் சேமித்து வைத்து, தேவைப்படும்போது விடும். ஏறக்குறைய 250 முதல் 300 பாகை செல்சியஸ் சூடு ஏறும்வரை இந்தக் கட்டி எந்த வேலையும் செய்யாது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால், கீழே வரும் பல விஷயங்களுக்குக் காரணம் தானாக விளங்கும்.

உண்மையிலேயே கெட்டுவிட்டதா?

கன்வர்ட்டர் இரண்டு விதமாகக் கெடும்: ஒன்று அடைபடும், மற்றது வேலை செய்யாமல் போகும். இரண்டுக்கும் சோதனை வேறு.

அடைபட்டிருந்தால் கார் இழுக்காது. ஏற்றத்தில் எக்ஸிலேட்டரை மிதித்தாலும் மூச்சு முட்டின மாதிரி நிற்கும். கன்வர்ட்டருக்கு முன்னாலும் பின்னாலும் புகையில் உள்ள ஒட்சிசனை அளக்கும் சென்சர்கள் இருக்கும். முன் சென்சரைக் கழற்றி, அந்தத் துளையில் அமுக்கமானியைப் பூட்டிப் பாருங்கள். ஐட்லிங்கில் 1.5 பி.எஸ்.ஐ.க்குள், 2500 ஆர்.பி.எம்.மில் 3 பி.எஸ்.ஐ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் கன்வர்ட்டரிலோ அதற்குப் பின்னாலோ அடைப்பு இருக்கிறது. அமுக்கமானி இல்லையென்றால், இன்டேக் பக்கம் வெக்கியூம் கேஜ் பூட்டலாம். ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் காட்டும் ஊசி, 2500 ஆர்.பி.எம்.மில் பிடித்து வைத்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால், அதுவும் அடைப்பைத்தான் சொல்கிறது.

வேலை செய்யாத கன்வர்ட்டரைப் பின் சென்சர் காட்டிக்கொடுக்கும். என்ஜினை நன்றாகச் சூடாக்கி, 2500 ஆர்.பி.எம்.மில் இரண்டு மூன்று நிமிடம் பிடித்து வைத்துக்கொண்டு ஸ்கேனரில் பின் சென்சரின் வோல்டேஜைப் பாருங்கள். நல்ல கன்வர்ட்டரென்றால் 0.6, 0.7 வோல்ட் பக்கம் பெரிய ஆட்டமில்லாமல் நிற்கும். 0.1க்கும் 0.9க்கும் இடையில் விடாமல் துள்ளினால் ஒட்சிசனைச் சேமிக்கும் பூச்சு போய்விட்டது. துள்ளாமல் அடியிலேயே, 0.1 பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றால் கன்வர்ட்டரைக் குற்றம் சொல்ல அவசரப்படாதீர்கள். புகைக் குழாயில் எங்காவது லீக் இருக்கலாம், சென்சரே போயிருக்கலாம். ஒரு விஷயம்: டொயோட்டா போன்ற பல கார்களில் முன்னால் இருப்பது எயார்ஃபியூவல் சென்சர். அது பழைய ஒக்சிஜன் சென்சர் மாதிரித் துள்ளாது. முன்னையும் பின்னையும் ஒப்பிட்டுக் குழம்பாமல் பின் சென்சரை மட்டும் பார்த்தால் போதும்.

முன்பக்கச் சூட்டையும் பின்பக்கச் சூட்டையும் லேசர் தெர்மோமீட்டரால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் நம் கராஜ்களில் உண்டு. சரியாக எரியும் புதிய என்ஜினில், ஐட்லிங்கில் கன்வர்ட்டருக்கு எரிக்க அதிகமாக எதுவும் வராது. அதனால் நல்ல கன்வர்ட்டரிலும் வித்தியாசம் தெரியாது. இந்தச் சோதனையை மட்டும் நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

குளிர்ந்திருக்கும்போது ரப்பர் சுத்தியலால் கூட்டை மெதுவாகத் தட்டுங்கள். உள்ளே கற்கள் உருளும் சத்தம் கேட்டால் பீங்கான் உடைந்துவிட்டது. ஆனால் மேலே இருக்கும் ஹீட் ஷீல்ட் இளகியிருந்தாலும் அதே மாதிரிக் கலகலக்கும், அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தட்ட வேண்டும். "டொங்" என்று வெற்றுத் தகரச் சத்தம் வந்தால், உள்ளே ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். கழுவித் தருகிறோம் என்று சொல்லித் தேன்கூட்டைத் தட்டி எடுத்துவிட்டு, வெறும் கூட்டைத் திரும்பப் பூட்டிக் கொடுப்பது இங்கு நடக்கிற காரியம். கூட்டின் பக்கத்தில் வெட்டித் திரும்ப ஒட்டிய வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சென்சர் துளைக்குள் சிறிய கெமராவை விட்டால் சந்தேகமே இருக்காது.

கெடுத்தது எது?

முதல் சந்தேகம் மிஸ்ஃபயர் மேல்தான் வர வேண்டும். ஒரு பிளக்கோ கொயிலோ ஒழுங்காக அடிக்காவிட்டால், எரியாத பெற்றோல் அப்படியே கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். சூடு 1000 பாகையைத் தாண்டும். முதலில் பூச்சு இறுகிச் செத்துப்போகும், பிறகு பீங்கானே உருகி ஒட்டிக்கொள்ளும். செக் என்ஜின் லைட் நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னினால் அதன் பொருள் இதுதான்: "இப்போதே கன்வர்ட்டர் வெந்துகொண்டிருக்கிறது." அந்த நேரத்தில் காரை விரட்டி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஸ்கேனரில் மிஸ்ஃபயரைச் சொல்லும் பி0300 முதல் பி0304 வரை ஏதாவது கோட் பழைய பதிவாக இருந்தாலும், பிளக், கொயில், இன்ஜெக்டர் மூன்றையும் பார்த்து முடித்த பிறகுதான் கன்வர்ட்டர் பேச்சு.

இரண்டாவது ஒயில். ஒயிலில் உள்ள பொஸ்பரசும் துத்தநாகமும் எரிந்து, பூச்சின் மேல் சாம்பலாகப் படியும். 1000 கிலோமீட்டருக்கு அரை லீற்றர், ஒரு லீற்றர் என்று ஒயில் குடிக்கும் என்ஜினுக்குப் புதுக் கன்வர்ட்டர் பூட்டுவது வீண் செலவு. கார்ச் சாவியோடு வரும் புத்தகத்தில் சொன்ன தரத்து ஒயிலையே போடுங்கள். எஸ்.என்., எஸ்.பி. தரத்து 0டபிள்யூ20, 5டபிள்யூ30 ஒயில்களில் பொஸ்பரசின் அளவு 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருப்பது கன்வர்ட்டருக்காகத்தான்.

மூன்றாவது கூலண்ட். மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். புகையில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். கரி பிடித்து அடைபட்டு, பிறகு ஹெட் கஸ்கெட் போய்க் கூலண்ட் சிலிண்டருக்குள் இறங்குவது இந்தக் காரின் அறிந்த வியாதி. காலையில் முதல் ஸ்டார்ட்டில் என்ஜின் குலுங்குவதும், கூலண்ட் காரணமில்லாமல் குறைவதும் அதன் அடையாளம். அந்தக் கூலண்ட் ஆவியாகிக் கன்வர்ட்டருக்குள்தான் போகிறது.

ஈயம் கலந்த பெற்றோலைக் காரணம் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இலங்கையில் அது 2002இலேயே நிறுத்தப்பட்டது, அந்தக் கதையை விட்டுவிடலாம். சில்லிக்கோன் கஸ்கெட் பசையை என்ஜினில் தாராளமாகப் பூசுவது மட்டும் இன்றைக்கும் கெடுதல்தான். சென்சருக்குத் தீங்கில்லை என்று டியூபில் எழுதியிருப்பதையே பயன்படுத்த வேண்டும். வெல்லம்பிட்டி, கொலன்னாவை பக்கம் வெள்ளம் நிற்கும் நாட்களில் சூடான கன்வர்ட்டர் தண்ணீரில் முங்கினால் பீங்கான் வெடிக்கும். உயர்ந்த வேகத்தடையில் கூடு அடிபட்டாலும் உள்ளே பீங்கான் உடைந்திருக்கலாம்.

எதை வாங்குவது?

மூன்று வழி இருக்கிறது: ஜப்பானில் கழற்றிய பழைய ஒரிஜினல், உங்கள் காருக்கென்றே செய்த புதிய மாற்றுப் பாகம், எந்தக் காருக்கும் வெட்டி ஒட்டும் யூனிவர்சல்.

பஞ்சிகாவத்தையிலோ தெல்கந்தையிலோ கிடைக்கும் பழைய ஒரிஜினலை "பழசு" என்று ஒதுக்காதீர்கள். கார்க் கம்பெனி அதில் போட்டிருக்கும் விலையுயர்ந்த உலோகத்தின் அளவு, மலிவான புதிய மாற்றுப் பாகத்தில் இருப்பதைவிட மிகவும் கூட. நல்ல நிலையில் உள்ள பழைய ஒரிஜினல், பெயர் தெரியாத புதியதைவிட நீண்ட காலம் பி0420 வராமல் காக்கும். ஹைபிரிட் கார்களுக்கு இது இன்னும் பொருந்தும். அக்வாவோ பிரியசோ காலி வீதி நெரிசலில் ஊர்ந்து போகும்போது என்ஜின் அடிக்கடி நின்று நின்று எழும்பும், கன்வர்ட்டர் ஆறிப்போகும். திரும்ப விரைவாகச் சூடாகி வேலை தொடங்குவதற்குப் பூச்சில் உலோகம் போதுமாக இருக்க வேண்டும். ஹைபிரிட்டுக்கு மலிவான யூனிவர்சல் வேண்டவே வேண்டாம் என்பதுதான் எங்கள் தீர்மானம்.

பழைய ஒரிஜினலைக் கையில் எடுத்தவுடன் செய்ய வேண்டியது, ஒரு பக்கத்தில் டோர்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து பார்ப்பது. குழாய் வளைந்திருந்தால் சிறிய கெமரா வேண்டும். துளைகள் எல்லாம் திறந்து, சுவர்கள் நேராக, மண்ணிறமாக அல்லது சாம்பல் கலந்த மண்ணிறமாக இருந்தால் நல்லது. முன்முகத்தில் வெள்ளைச் சாம்பல் படிந்திருந்தால் அது ஒயில் குடித்த காரிலிருந்து வந்தது. ஈரமான கறுப்புக் கரி ஒட்டினால் பெற்றோல் கூடிப்போய் ஓடிய கார். நடுவில் கண்ணாடி மாதிரிப் பளபளத்து உருகிய திட்டு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கூட்டில் பொறித்திருக்கும் இலக்கத்தை உங்கள் பழையதோடு ஒப்பிடுங்கள். "அதே மொடல்தான்" என்று கடையில் சொன்னாலும், ஒரே காரில் என்ஜினுக்கு என்ஜின், வருடத்துக்கு வருடம் சென்சர் துளையின் இடம் மாறும். சேசிஸ் இலக்கத்தைக் கொண்டுபோவது நல்லது.

புதியது வாங்கினால் கீழே உள்ளவற்றைக் கடையில் வைத்தே பார்க்கலாம்.

துளைகளை எண்ணுங்கள். ஒரு சாதாரண அடிமட்டத்தைத் தேன்கூட்டின் முகத்தில் வைத்து, ஒரு சென்டிமீட்டருக்குள் ஒரே வரிசையில் எத்தனை கட்டம் என்று பாருங்கள். எட்டு இருந்தால் அது சதுர அங்குலத்துக்கு 400 துளை கொண்டது. சாதாரணக் கார்களுக்கு வேண்டியது அதுதான். ஒன்பது, பத்து வந்தால் 600 துளை, இன்னும் நல்லது. ஐந்து, ஆறுதான் வந்தால் 200 துளை. அது ஓட்டப்பந்தயக் கார்களுக்காகச் செய்தது, புகை தாராளமாகப் போகும், சுத்தம் குறைவாகத்தான் நடக்கும். உங்கள் காரில் அதைப் பூட்டினால் பி0420 திரும்ப வரும்.

நிறத்தைப் பாருங்கள். பூச்சில்லாத வெறும் பீங்கான் பால் கலந்த வெள்ளையாக இருக்கும். பூசியது காக்கி அல்லது மண்ணிறம். வெள்ளையாக இருக்கும் தேன்கூட்டை யாராவது விற்க வந்தால், அது வெறும் பீங்கான் துண்டு.

கூட்டின் உலோகத்துக்குக் காந்தம் வைத்துக் காட்டி "ஸ்டெயின்லெஸ் இல்லை பார்" என்றோ "ஸ்டெயின்லெஸ் தான் பார்" என்றோ வாதிடுவார்கள். கன்வர்ட்டர்க் கூடுகளுக்கு அதிகம் பயன்படும் 409 ஸ்டெயின்லெஸ்ஸில் காந்தம் நன்றாகவே ஒட்டும், 304இல் ஒட்டாது. ஆக, காந்தம் ஒட்டுவதை வைத்து இரும்பா ஸ்டெயின்லெஸ்ஸா என்று சொல்ல முடியாது. வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை என்று கடல் காற்று அடிக்கும் பக்கத்தில் கார் நிறுத்துபவர்கள், எந்த உலோகம் என்று கடைக்காரரிடம் பில்லில் எழுதி வாங்குவது நல்லது. சாதாரண இரும்புக் கூடு அங்கே சீக்கிரம் துருப்பிடித்துவிடும்.

ஐரோப்பிய அனுமதி பெற்ற மாற்றுக் கன்வர்ட்டர்களின் கூட்டில், வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஒரு நாட்டு எண்ணும், பக்கத்தில் 103 என்ற விதி எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அது ஸ்டிக்கராக இல்லாமல் உலோகத்திலேயே அடித்ததாக இருக்க வேண்டும். அப்படி எதுவுமே இல்லாத ஒன்றை வாங்குவதானால், வாரண்டியில் "பி0420 வந்தால் மாற்றித் தருவோம்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வெல்டிங் விட்டால் மட்டும்தான் வாரண்டி என்று சொல்பவர் தன் சரக்கைப் பற்றிச் சொல்லிவிட்டார்.

யூனிவர்சல்தான் வழியென்றால், அளவு முக்கியம். குழாயின் வெளிவிட்டத்தை வேனியரால் அளக்கவும். வேனியர் இல்லாவிட்டால் நூலைச் சுற்றி, நீளத்தை 3.14ஆல் வகுக்கவும். கடைகளில் 1.5, 1.75, 2 அங்குலக் கணக்கில் விற்பார்கள், அதாவது 38, 44.5, 51 மில்லிமீட்டர். தேன்கூட்டின் கொள்ளளவையும் பாருங்கள். விட்டம் 10 சென்டிமீட்டர், நீளம் 10 சென்டிமீட்டர் உள்ள கட்டி 785 சி.சி. வரும். 1300 சி.சி. என்ஜினுக்கு அது 60 சதவீதம். அதற்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது, என்ஜின் அளவுக்கு நெருங்க நெருங்க இன்னும் நல்லது. கையடக்கமான சிறிய கூடுகள் முச்சக்கர வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சரி. பழையது இருந்த இடத்தைவிடப் பின்னால் தள்ளி ஒட்டக் கூடாது. பின்னால் போகப் போகச் சூடு குறையும், கன்வர்ட்டர் எழும்பாது. வெகன் ஆர், ஃபிட் போன்றவற்றில் கன்வர்ட்டர் என்ஜினை ஒட்டியே இருப்பதன் காரணமும் அதுதான்.

கழற்றுவது

கார் குறைந்தது இரண்டு மணித்தியாலம் நின்று ஆற வேண்டும். சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜக்கால் உயர்த்தி, ஸ்டாண்டில் இறக்குங்கள். சீமெந்துக் கல்லின் மேல் காரை நிறுத்திவிட்டுக் கீழே போவது உயிரோடு விளையாடுவது. கல் சொல்லாமல் கொள்ளாமல் பிளக்கும்.

ஹைபிரிட்டென்றால், ஸ்மார்ட் கீயைக் காருக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு, 12 வோல்ட் பட்டரியின் நெகடிவ்வைக் கழற்றிய பிறகுதான் கீழே போக வேண்டும். மீட்டரில் "ரெடி" எரியும் நிலையில் காரை விட்டுவிட்டுக் கீழே படுத்தால், என்ஜின் தானாக ஸ்டார்ட் ஆகும்.

தேவையானவை: 12, 14 மில்லிமீட்டர் சொக்கெட்டுகள், வயருக்குப் பிளவு விட்ட 22 மில்லிமீட்டர் சென்சர் சொக்கெட், துரு இளக்கும் ஸ்ப்ரே, கம்பிப் பிரஷ், டோர்க் ரென்ச், புதிய கஸ்கெட்டுகள், புதிய ஸ்பிரிங் போல்ட்டுகள், மரை இறுகிப் பிடிக்காமல் காக்கும் நிக்கல் கலந்த ஆன்டிசீஸ் பசை, முகமூடி, கண்ணாடி. பழைய கூட்டைச் சுற்றியுள்ள நார்த் தூசி நுரையீரலுக்குக் கூடாது.

பத்து வருடம் மழையும் கடல் காற்றும் பட்ட போல்ட்டுகள் இலேசில் வராது. இந்த வேலையில் நேரம் போவது இங்கேதான், இங்கே அவசரப்பட்டால் மற்ற எல்லாம் கெடும். முதல் நாள் இரவே ஸ்ப்ரே அடித்து விடுங்கள். காலையில் இன்னும் இரண்டு முறை, அரை மணி இடைவெளியில். கழற்றும்போது முதலில் மயிரிழை அளவு இறுக்கிப் பாருங்கள். துருப் பிடி விடும் "டிக்" சத்தம் கேட்கும். அதன் பிறகு இளக்குங்கள். கால் சுற்று இளக்கி, திரும்பக் கொஞ்சம் இறுக்கி, திரும்ப இளக்கி என்று முன்னும் பின்னுமாகக் கொண்டுவர வேண்டும். ஒரே இழுப்பில் வரவைக்கப் பார்த்தால் ஸ்டட் முறிந்து கையில் வரும். அப்படியும் அசையாவிட்டால் நட்டை மட்டும் தீயால் சூடாக்கலாம். ஆனால் பெற்றோல் பைப், பிரேக் பைப், வயர் எதுவும் அருகில் இருக்கக் கூடாது, தண்ணீர் நனைத்த துணியும் தீயணைப்பானும் கையெட்டும் தூரத்தில் வேண்டும். முறிந்துவிட்டால் நடுவில் புள்ளி குத்தி, எம்10 1.25 மரைக்கு 8.8 மில்லிமீட்டர், எம்8 1.25 மரைக்கு 6.8 மில்லிமீட்டர் துளையிட்டு, புதிதாக மரை வெட்ட வேண்டியதுதான்.

சென்சர்கள் கொஞ்சம் இளஞ்சூட்டில் சுலபமாகக் கழலும். குழாயின் போல்ட்டுகளைக் கழற்றுமுன், என்ஜினை ஓரிரு நிமிடம் மட்டும் ஓடவிட்டு, நிறுத்தி, கையுறையோடு கழற்றலாம். முதலில் சொருகியைப் பிரியுங்கள், இல்லாவிட்டால் வயர் முறுக்கிக்கொள்ளும். முன், பின் என்று டேப்பில் எழுதி ஒட்டிவையுங்கள். கீழே போடவோ முனையில் கிளீனர் அடிக்கவோ கூடாது. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய சென்சரை, இவ்வளவு பாடுபட்டுக் கழற்றிய பிறகு அப்படியே திரும்பப் போடுவதா என்று யோசியுங்கள். மெதுவாகிப்போன முன் சென்சர் பெற்றோலைக் கூட்டிக் கொடுத்து, புதிய கன்வர்ட்டரையும் வேக வைக்கும்.

மூன்றாம் தலைமுறைப் பிரியசில் முன் குழாயோடு, புகையின் சூட்டைக் கூலண்டுக்குக் கொடுக்கும் பகுதியும் சேர்ந்தே வரும். அதற்குக் கூலண்ட் ஹோஸ்கள் இருக்கின்றன. கழற்றுமுன் கூலண்ட்டை வடிக்க வேண்டும், பூட்டிய பிறகு நிரப்பிக் காற்றை எடுக்க வேண்டும். இதை அறியாமல் இழுத்து ஹோஸைக் கிழித்தவர்கள் உண்டு.

பூட்டுவது

பழையதையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். ஃப்ளான்ஜின், அதாவது குழாய் நுனியில் போல்ட் போடும் தகட்டின் துளைகள், வளைவு, சென்சர் துளைகள், தொங்கவிடும் கம்பிகள் எல்லாம் பொருந்துகின்றனவா? அம்பு அடையாளம் இருந்தால் அது புகை போகும் திசையை, அதாவது பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். சென்சர் துளையின் மரையில் வெல்டிங் துளிகள் இருந்தால் மரை வெட்டும் எம்18 1.5 டெப்பை ஒரு முறை ஓட்டி எடுங்கள்.

பழைய கஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள். அது ஒருமுறைதான் நசுங்கும். டோனட் வடிவக் கஸ்கெட் இருக்கும் இடத்தில் பசை பூசவும் கூடாது, அந்த மூட்டு ஆடுவதற்காகவே ஸ்பிரிங் போல்ட்டோடு வைக்கப்பட்டது.

முதலில் குழாயைத் தொங்கும் ரப்பர்களில் மாட்டி, எல்லா போல்ட்டுகளையும் விரலால் ஏற்றிவிடுங்கள். ரப்பரில் சவர்க்காரத் தண்ணீர் தடவினால் கம்பி வழுக்கிக்கொண்டு போகும். ஒன்றையும் இறுக்காமல் முழுக் குழாயும் தானாகத் தன் இடத்தில் உட்காரட்டும். காரின் உடற்பகுதியோடு, ஷாஃப்டோடு, பிரேக் பைப்போடு எங்கும் இரண்டு சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கிறதா என்று பார்த்த பிறகு, என்ஜின் பக்கத்திலிருந்து பின்னோக்கி இறுக்கி வாருங்கள். ஒரு நுனியை முதலில் இறுக்கிவிட்டு மற்றதை இழுத்துப் பொருத்தினால், அந்த இழுவை முழுவதும் ஃப்ளான்ஜிலும் ஃப்ளெக்ஸ் குழாயிலும் நிற்கும். சில மாதத்தில் அங்கேதான் வெடிக்கும். எம்10 போல்ட்டுகளுக்கும் எம்18 சென்சர்களுக்கும் பெரும்பாலும் 40 முதல் 45 நியூட்டன் மீட்டர் போதும். உங்கள் காரின் சேவிஸ் புத்தகம் வேறு எண் சொன்னால் அதையே கொள்ளுங்கள். பழைய சென்சரானால் மரையில் மட்டும் ஆன்டிசீஸ் பசையை மெல்லியதாகப் பூசுங்கள், முனையில் படக் கூடாது. புதிய சென்சர்களில் பசை ஏற்கனவே பூசியிருக்கும். ஹீட் ஷீல்ட்டை மறக்காமல் திரும்பப் பூட்டுங்கள். அது இல்லாத கன்வர்ட்டர் மேலேயுள்ள தரை விரிப்பையும், கீழே காய்ந்த புல்லையும் எரிக்கும்.

யூனிவர்சலை வெல்டிங் செய்வதானால், பட்டரி நெகடிவ்வையும் சென்சர்களையும் முதலில் கழற்றுங்கள். வாகனத்தில் வைத்து நாலு புள்ளி மட்டும் பிடித்து, கழற்றிக் கீழே எடுத்து முழுச் சுற்றும் ஒட்டச் சொல்லுங்கள். காரின் அடியில் வைத்தே முழுவதையும் ஒட்டினால் மேல்பக்கம் கை எட்டாது, லீக் அங்கேதான் வரும். ஸ்டெயின்லெஸ் கூட்டைச் சாதாரண இரும்புக் குழாயோடு ஒட்ட 309எல் கம்பி வேண்டும். சாதாரணக் கம்பியால் ஒட்டினால் அந்தத் தையல்தான் முதலில் துருப்பிடிக்கும்.

முதல் ஓட்டமும் பரிசோதனையும்

திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள். குழாயில் ஒட்டிய எண்ணெய் எரிந்து பத்து நிமிடம் புகையும் நாற்றமும் வரும், பயப்பட வேண்டாம். அந்த நேரத்தில் எக்ஸிலேட்டரைக் குத்தக் கூடாது. தேன்கூட்டைச் சுற்றியுள்ள பாய் சூட்டில் ஊதித்தான் கட்டியை இறுகப் பிடிக்கும், அதற்கு முன் அதிர்ந்தால் கட்டி இளகும். பிறகு நிறுத்தி, ஆறவிட்டு, போல்ட்டுகளை ஒரு முறை சரிபாருங்கள்.

லீக் பார்க்க, குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஒருவர் சைலன்சர் வாயைத் தடித்த துணியால் சில வினாடி அமுக்க, மற்றவர் மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் தெளிக்கட்டும். முன் சென்சருக்கு முன்னால் உள்ள சிறு லீக்தான் பெரிய ஆபத்து. அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபட, சென்சர் "பெற்றோல் போதாது" என்று தவறாகச் சொல்ல, என்ஜின் பெற்றோலைக் கூட்ட, புதிய கன்வர்ட்டர் வேகத் தொடங்கும். ஸ்கேனரில், பெற்றோலை என்ஜின் எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் ஃபியூவல் டிரிம் இரண்டும் (குறுகிய கால, நீண்ட கால) சேர்ந்து பத்து சதவீதத்துக்குள், கூடவோ குறையவோ, நிற்க வேண்டும்.

பழைய கோட்டை அழித்தால் காரின் சுயசோதனைகளும் அழிந்துவிடும். அவற்றில் கன்வர்ட்டரைச் சோதிக்கும் கெட்டலிஸ்ட் மொனிட்டர் திரும்ப முடியும்வரை லைட் எரியாததை வைத்து வேலை சரி என்று சொல்ல முடியாது. நகர நெரிசலில் அது முடியவே முடியாது, ஒரே வேகத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட வேண்டும். பேலியகொடையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு 25.8 கிலோமீட்டர் அதிவேகப் பாதை இதற்கு நல்ல இடம். எக்ஸிலேட்டரை அசைக்காமல் 80இல் போய், இடையிடையே காலை எடுத்து உருள விட்டு, திரும்பி வாருங்கள். வந்தவுடன் மொனிட்டர் முடிந்ததா, பின் சென்சர் நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள்.

புகைப் பரிசோதனைக்குப் போகும்போது கன்வர்ட்டர் சூடாக இருக்க வேண்டும். கால் மணி நேரமாவது ஓட்டிவிட்டுப் போங்கள். வரிசையில் அரை மணி நேரம் என்ஜினை நிறுத்திவிட்டு நின்றால் நல்ல கன்வர்ட்டரும் ஆறிப்போய்த் தோற்கும், உங்கள் முறை நெருங்கும்போது என்ஜினை ஓடவிடுங்கள். பிரியசில் என்ஜின் தானாக நின்றுவிடாமல் இருக்க மெயின்டனன்ஸ் மோட் வேண்டும். பிரேக்கை மிதிக்காமல் பவர் பொத்தானை இருமுறை அழுத்தி, ஒரு நிமிடத்துக்குள் இவ்வளவும் செய்ய வேண்டும்: கியரை பார்க்கில் (P) வைத்து எக்ஸிலேட்டரை முழுதாக இரண்டு முறை மிதித்து, நியூட்ரலில் (N) இரண்டு முறை, திரும்பப் பார்க்கில் இரண்டு முறை. மீட்டரில் மெயின்டனன்ஸ் மோட் என்று வந்ததும் பிரேக்கை மிதித்துப் பவரை அழுத்தினால் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த மோடில் வீதியில் ஓட்டக் கூடாது, வேலை முடிந்ததும் பவரை அணைத்துவிடுங்கள்.

பி0420 திரும்ப வந்தால் முதலில் லீக், பிறகு முன் சென்சர், பிறகு பின் சென்சர், கடைசியாகத்தான் புதுக் கன்வர்ட்டர் மேல் சந்தேகம். பின் சென்சருக்கு அடியில் ஒரு நீட்டுக் குழாயைச் செருகி லைட்டை அணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது கோட்டைத்தான் மறைக்கும். உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் சுவாசிக்கும் நச்சுப் புகை அப்படியேதான் இருக்கும்.

கழற்றிய பழைய ஒரிஜினலை கராஜில் விட்டுவிட்டு வராதீர்கள். வேலை செய்யாவிட்டாலும் அதிலுள்ள உலோகத்துக்கு விலை உண்டு, அந்த விலை கூட்டின் இலக்கத்துக்கு இலக்கம் மாறும். இலக்கம் தெரியும்படி ஒரு படம் எடுத்து, தேன்கூடு வெளியே எடுக்கப்படாமல் முழுதாக இருக்கிறதா என்று பார்த்துக் கையில் வாங்கிக்கொண்டு, குறைந்தது இரண்டு இடத்திலாவது விலை கேட்டு விற்பனை செய்யுங்கள்.